வாடகைக்கு ஒரு அக்கா

பொய் சொல்லுகிறவர்கள் பொதுவாக வேகமாகப் பேசுவார்கள். அக்கா பொய் சொல்லும்போது நிதானமாகிவிடுவாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, எதிரில் இருப்பவரின் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்ப்பாள். பிறகு அவருக்குப் பொருந்துகிற அளவில் ஒரு பொய்யை எடுத்துக் கொடுப்பாள். யாரும் அதை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

நான் அவளை முதன்முதலில் பார்த்ததே ஒரு பொய்யின் நடுவில்தான்.

எனக்கு அப்போதுதான் திருப்பூரில் வேலை கிடைத்திருந்தது. பனியன் ஏற்றுமதி செய்யும் அலுவலகம் ஒன்றில் மெர்ச்சண்டைசர் பயிற்சி. வெளிநாட்டிலிருந்து வரும் ஆர்டருக்குத் துணி வந்ததா, பட்டன் வந்ததா, லேபிள் வந்ததா என்று நாள் முழுக்க ஆட்களைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். சம்பளம் நாலாயிரத்து ஐநூறு. சங்கரன்கோவிலில் அந்தத் தொகையைச் சொன்னபோது எங்கள் தெருவில் மதிப்பாகப் பார்த்தார்கள். திருப்பூரில் பெண்கள் விடுதிக்காரர் அதில் பாதியை வாங்கிக்கொண்டு, இரண்டு இட்லிக்கு மேல் கேட்டால் முறைத்தார். மாதக் கடைசியில் அலுவலகத்தில் கொடுக்கும் டீயையும் பன்னையும் வைத்தே நான் ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கிக்கொண்டே இருந்த அத்தனை பேருக்கும் அந்த ஊரில் வேலை இருந்தது. படுக்கத்தான் இடம் இல்லை. வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் ஒற்றை அறைக்குக்கூடப் பத்தாயிரம் அட்வான்ஸ் கேட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலிபாளையம் போகும் சாலையில் வீடு காலி என்று யாரோ சொல்லிப் போயிருந்தேன். வீட்டுக்காரம்மா ஐம்பது வயதைத் தாண்டியவர். காதில் பெரிய தோடு, வெள்ளைவெளேரென்ற சேலை. முன்னால் அவருடைய மாடி வீடு, பின்னால் வரிசையாக ஆறு அறைகள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மிக மரியாதையாகச் சொன்னார்.

“ஒத்தப் பொம்பளப் புள்ளைக்கெல்லாம் ஊடு குடுக்கறதில்லீங் அம்மிணி. குடும்பமா இருந்தா வாங்க.”

நான் திரும்பினேன். கேட் அருகே வெயிலில் ஒருத்தி நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அவளும் வீடு கேட்டு வந்தவள்தான் என்பதும், நான் கேட்டுவிட்டு வரட்டும் என்று காத்திருந்தவள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. கடந்து போன என் மணிக்கட்டை அவள் பிடித்துக்கொண்டாள்.

“குடும்பந்தாம்மா. இவ என் தங்கச்சி. நான் ரிக்‌ஷாவுக்குத் துட்டு குடுத்துட்டு வாரதுக்குள்ள அவசரப்பட்டு உள்ள வந்துட்டா.”

நான் கையை உருவிக்கொள்ளவில்லை. அவள் பேச்சும் என் பேச்சும் ஒரே பக்கத்துப் பேச்சு. அதுவே பாதிச் சாட்சி ஆகிவிட்டது.

“தெக்கத்திக்காரங்களா? உன்ற ஊட்டுக்காரரு?”

“கப்பல்ல இருக்காரும்மா. வருசத்துக்கு ஒருக்கா வருவாரு.”

“நல்லதுங். நீங்க என்ன ஆளுங்க?”

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவள் பதில் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். என் வீட்டைப் பொறுத்தவரை அது உண்மையான பதில். வீட்டுக்காரம்மாவின் முகம் தெளிந்தது. அக்கா, “ஆமாம்மா” என்றாள். வாடகை தொள்ளாயிரம், அட்வான்ஸ் ஆளுக்குப் பாதி, அதுவும் தவணையில். சாவி எங்கள் கைக்கு வந்தது.

அன்றைக்கே, வாங்கி வந்த வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்: “பிள்ள, நாங்க வேற ஆளு. அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா வாசல்கூட மிதிக்க விடாது. உனக்கு இதுல ஒண்ணும் இல்லயே?”

“எனக்கென்னக்கா,” என்றேன். மனசறிந்துதான் சொன்னேன். கல்லூரியில் இதைப் பற்றியெல்லாம் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள் நான்.

ஊருக்கெல்லாம் பொய் சொன்னவள் என்னிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. கப்பலில் இருக்கும் கணவர் உண்மையில் விளாத்திகுளத்தில், அவளுடைய தெருவிலேயே, இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுப்பைத் தணித்தாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அவளுக்கு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியன்களை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து ஒதுக்க வேண்டும். வாரச் சம்பளம். என்னைவிட அவளுக்குக் குறைவுதான். அதில் அவள் மிச்சம் பிடித்த விதம் எனக்கு முதலில் வேடிக்கையாகவும் பிறகு கூச்சமாகவும் இருந்தது. அவளுடைய கையில் பணம் இல்லை, பொய் இருந்தது. அதைச் செலவழித்துப் பணத்தைக் காப்பாற்றினாள்.

சந்தையில் காய்கறிக்காரரிடம், தான் இருபது பேருக்கு மெஸ் நடத்துவதாகச் சொல்லியிருந்தாள். மொத்த விலைக்கு அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்குவாள். இருபது பேருக்கு அரைக் கிலோவா என்று அவர் ஒருநாள் கேட்டுவிட்டார். அக்கா பெருமூச்சு விட்டாள்.

“எங்க அண்ணே, சமையக்காரன் சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டான். பாதிப் பேரு வேற மெஸ்ஸுக்குப் போயிட்டாங்க. நானும் தங்கச்சியும் ஒத்தையில கெடந்து பொங்குதோம்.”

அவர் வருத்தப்பட்டார். ஒரு கட்டு கொத்தமல்லியைச் சும்மாவே பையில் போட்டார். அடுத்த வாரம் தனக்குத் தெரிந்த சமையல்காரர் ஒருவரின் விலாசத்தோடு காத்திருந்தார். அந்தச் சமையல்காரரைச் சமாளிக்க அக்கா மூன்று வாரம் வேறு சந்தைக்குப் போக வேண்டியதாயிற்று.

குடிக்கிற தண்ணீரை அங்கே விலைக்குத்தான் வாங்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும், துணி துவைத்தால் நுரை வராது. தண்ணீர் வண்டிக்காரரிடம் எனக்குச் சிறுநீரகத்தில் கல் என்று சொல்லி வைத்திருந்தாள். அவர் எங்கள் குடத்தைத் தளும்பத் தளும்ப நிறைத்துவிட்டு, “வாழத்தண்டு சாறு குடுங்க, கல்லு கரைஞ்சிரும்,” என்று எனக்கு முன்னாலேயே சொல்லுவார். நான் அடிவயிற்றில் கைவைத்துக்கொண்டு நிற்க வேண்டும். கையை வைக்காவிட்டால் உள்ளே வந்ததும் திட்டுவாள்.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல். பயிற்சியில் இருப்பவர்களுக்கு விடுப்பு கிடையாது, சம்பளத்தில் பிடிப்பார்கள். அக்கா பெட்டிக்கடை வாசலில் இருந்த ஒரு ரூபாய் போனிலிருந்து என் மேனேஜரைக் கூப்பிட்டு, “அவ அம்மா பேசுதேன் சார்,” என்றாள். அம்மாவாகவே அழுதாள். பிள்ளையைத் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டுத் தவிக்கிற ஒரு தாயை அந்த ஒரு ரூபாய்க்குள் முழுதாகக் கொண்டுவந்துவிட்டாள். சம்பளத்தில் கை வைக்கவில்லை. நான் திரும்பிப் போன அன்று மேனேஜர், “அம்மாவுக்கு அடிக்கடி போன் பண்ணும்மா,” என்றார். என் அம்மா எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போதே போய்விட்டார். அதை நான் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, பிறகு சொல்லவும் முடியவில்லை. அக்காவிடம் கோபித்துக்கொண்டேன்.

“உங்கம்மா இருந்திருந்தா பேசியிருப்பாங்கல்லா? அதைத்தான் நான் பேசுனேன்,” என்றாள்.

கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

அவளால் நான் சேமிக்கத் தொடங்கினேன். விடுதியில் இருந்தவரை மாதம் முடிவதற்குள் கை காலியாகிவிடும். இந்த அறைக்கு வந்த பிறகு வங்கியில் மாதம் ஐநூறு ரூபாய் கட்டும் கணக்கு ஒன்று ஆரம்பித்தேன். அவளும் ஒரு சீட்டில் சேர்ந்திருந்தாள். ஊருக்கு வெளியே இரண்டு சென்ட் இடம் வாங்க வேண்டும், தகரம் போட்டாவது ஒரு வீடு கட்ட வேண்டும்.

“நான் வீட்டுக்காரி ஆயிட்டேன்னு வையி, வாடகைக்கு வாரவங்ககிட்ட ஒரே கேள்விதான் கேப்பேன். மாசாமாசம் வாடகை குடுத்துருவியான்னு. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

வீட்டுக்காரம்மா கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் இன்னொரு பொய் சொன்னதாகும். வீட்டில் அரிசிம்பருப்புச் சோறு செய்தால் எங்களுக்கும் ஒரு தூக்குப்போசி நிறைய வந்துவிடும். என்னையும் அக்காவையும் கண்ணு, கண்ணு என்றுதான் கூப்பிடுவார். அக்காவின் கருவாட்டுக் குழம்பு என்றால் அவருக்கு உயிர். வாசனை வந்ததும் தட்டோடு எங்கள் அறைக்கு வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

“என்ற மருமவளுக்கு இந்தக் கைப்பக்குவம் ஏழு சென்மத்துக்கும் வராது கண்ணு. இன்னும் ஒரு கரண்டி ஊத்து.”

அக்கா ஊற்றுவாள். அவர் விரலை நக்கிக்கொண்டு சாப்பிடுவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அது ஒரு வெற்றி போலவே தோன்றும். அக்காவின் முகத்தில் அப்படி எதுவும் இருக்காது. ருசித்துச் சாப்பிடுகிறவரைப் பார்க்கும் சந்தோஷம் மட்டும்தான் இருக்கும்.

அந்த வருடம் சுற்றுவட்டாரத்தில் எல்லா லைன் வீட்டுக்காரர்களும் வாடகையை ஏற்றினார்கள். எங்களுக்கும் நூறு ரூபாய் ஏறப் போகிறது என்று காதில் விழுந்தது. மறுநாளே கப்பலில் இருந்த கணவருக்குக் கால் முறிந்தது. இரும்புச் சங்கிலி விழுந்ததாம். சம்பளம் நின்றுவிட்டதாம். வீட்டுக்காரம்மா மார்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார். வாடகைப் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த கிருத்திகைக்குச் சிவன்மலைக்குப் போய், படியேறிக் கும்பிட்டு, திருநீற்றை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். “தபால்ல அனுப்பி வெய்யி கண்ணு. முறிஞ்ச எடத்துல பூசச் சொல்லு.”

அக்கா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் போனதும் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

“முட்டுவலியோட மலை ஏறியிருக்கு பிள்ள. இல்லாத ஆளுக்காக.”

இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், கணவரின் கால் தேறிவிட்டது, சம்பளமும் மறுபடி வருகிறது என்று போன் வந்ததாகப் போய்ச் சொன்னாள். மாத ஆரம்பத்தில் யாரும் கேட்காமலே நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தாள். என் பங்கு ஐம்பதை நான் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தேன்.

அப்பா சொல்லாமல் வந்தது சித்திரை மாத ஞாயிறு ஒன்றில். கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்தவர். ஒரு பைசா கூடினாலும் குறைந்தாலும் தூங்காத மனிதர். பொய் சொன்னதற்காக மட்டும்தான் என்னை அடித்திருக்கிறார். கையில் சேவுப் பொட்டலமும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்துக்கொண்டு கேட்டைத் திறந்தார்.

வீட்டுக்காரம்மா முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அக்கா துவைகல்லில் என் துணியையும் சேர்த்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். நான் அறை வாசலில் தலையை உலர்த்திக்கொண்டிருந்தேன். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து ஓடினேன். சந்தோஷத்தில் எனக்கு வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை.

“அப்பாங்களா? வாங்க வாங்க,” என்று வீட்டுக்காரம்மா எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார். “நல்லாருக்கறீங்களா? ரெண்டு புள்ளைங்களையும் தங்கமா வளத்திருக்கறீங்க. இப்பிடி அக்காளும் தங்கச்சியும் ஒத்துமையா இருந்து நாம் பாத்ததில்லீங்க.”

அப்பா சிரித்தார். “ரெண்டு இல்லைங்க. எனக்கு இவ ஒருத்திதான்.”

“ஏனுங்க, மூத்த புள்ளைய மறந்துட்டீங்களா?” வீட்டுக்காரம்மாவும் சிரித்துக்கொண்டே துவைகல் பக்கம் கையைக் காட்டினார்.

அக்கா நிமிர்ந்தாள். கையில் நுரை. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, வீட்டுக்காரம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். எந்தச் சூழ்நிலைக்கும் ஒரு பொய் வைத்திருந்தவள் அன்றைக்கு எதுவும் பேசாமல் நின்றாள். ஏன் என்று எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது. அவர் என் அப்பா. அவர் முன்னால் எந்தப் பேச்சு எடுபடும் என்பது எனக்குத்தான் தெரியும். இந்தப் பொய்யைச் சொல்லும் வேலையை அவள் எனக்கு விட்டுக்கொடுத்திருந்தாள்.

மூவரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

“இல்லப்பா,” என்றேன். “இவங்க என்கூட ரூம்ல தங்கியிருக்கவங்க.”

எழுத்துக்கு எழுத்து உண்மை.

வீட்டுக்காரம்மா கீரைத் தட்டைக் கீழே வைத்தார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவர் அக்காவைப் பார்த்துக் கேட்டார். குரல் உயரவில்லை. சொல்லப்போனால் எப்போதையும்விடத் தாழ்ந்திருந்தது.

“அப்ப நீங்க என்ன ஆளுங்க?”

நாங்கள் குடிவந்ததிலிருந்து அவர் அக்காவை நீ என்றும் கண்ணு என்றும்தான் கூப்பிட்டிருந்தார். அந்த ஊரில் யாரும் யாரையும் மரியாதை குறைத்துப் பேச மாட்டார்கள் என்று நான் வீட்டுக்குப் பெருமையாகக் கடிதம் எழுதியிருக்கிறேன். மரியாதையால் ஒருவரை வாசலுக்கு வெளியே நிறுத்த முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னாள். எந்த ஊர், எந்தத் தெரு என்பது உட்பட.

“செரீங்க,” என்றார் வீட்டுக்காரம்மா. “ஒண்ணாந்தேதிக்குள்ள வேற எடம் பாத்துக்குங்க.” என்னிடம் திரும்பினார். “நீ இரு கண்ணு. நீ என்ன பண்ணுவே. உன்னையுஞ் சேத்தித்தான் ஏமாத்திப் போட்டாங்க.”

என்னை யாரும் ஏமாற்றவில்லை, முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டாள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதுவும் உண்மைதான். அந்த உண்மை எனக்கு வாயில் வரவில்லை. அப்பா பக்கத்தில் நின்றிருந்தார். எனக்கும் சேர்த்து வீடு போய்விடுமே என்ற நினைப்பு முதுகில் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலையை அவர்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். என்னை ஏமாந்தவள் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அப்பா அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சேவுப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, சாயங்காலமே கிளம்பினார். பஸ் நிலையத்தில் என் தலையைத் தடவி, “நாலு பேரு முன்னால உண்மையச் சொன்ன பாரு. அதுதான் எனக்கு வேணும்,” என்றார். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கையசைத்தார். அவர் அதைப் பெருமையாகச் சொன்னாரே, அதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். துவைத்த என் துணிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் அழுதிருப்பேன், அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

“எங்க போவீங்கக்கா?”

“கம்பெனிக்குப் பின்னால நாலஞ்சு பிள்ளைங்க தங்கியிருக்கு. அங்க பாய் போட எடம் இருக்கும்.”

நானும் வருகிறேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. என் தலைக்குள் ஓடியது வேறு. மறுபடி விடுதிக்குப் போனால் சம்பளத்தில் பாதி போய்விடும். வங்கிக் கணக்கை முறிக்க வேண்டும். அட்வான்ஸ் எப்போது திரும்பும் என்று தெரியாது. முகத்தில் அதெல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும்.

“நீ யோசிக்கது தெரியுது பிள்ள,” என்றாள். “நீ இங்கயே இரு. இந்தச் சம்பளத்துக்கு இந்த வாடகைக்கு வேற எங்கயும் கிடைக்காது. கூட ஒரு ஆளு மட்டும் பாத்துக்க.”

கோபத்தில் சொல்லவில்லை. எனக்காக உண்மையாகவே கணக்குப் பார்த்துச் சொன்னாள்.

மாதம் முடிவதற்கு முன்பே போய்விட்டாள். நான் அலுவலகத்தில் இருந்தபோது, வேறு ஒரு பெண்ணோடு வந்து ஒரு மொபெட்டில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனதாகப் பக்கத்து அறையில் சொன்னார்கள். ஸ்டவ் அவளுடையது. அதை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். அதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம்கூட வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வாரமே வீட்டுக்காரம்மா ஆள் வைத்து அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். தரையை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினார். “பல்லி, பூச்சி எல்லாம் அண்டிப் போச்சு கண்ணு,” என்றார். அதற்கான செலவை அக்காவின் அட்வான்ஸில் கழித்துக்கொண்டதாகப் பிறகு பேச்சுவாக்கில் சொன்னார். அவருக்கும் அது சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். சுண்ணாம்பு காயும்வரை நான் முற்றத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். காய்ந்ததும் உள்ளே போனேன்.

புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அக்காவின் கம்பெனி எங்கே என்று எனக்குத் தெரியும், பஸ்ஸில் இருபது நிமிடம்கூட ஆகாது. போகவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போய், ஒருநாள் போனபோது அந்தக் கம்பெனி வேறு கை மாறியிருந்தது. பழைய ஆட்கள் யாரும் இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது, கூடவே நிம்மதியாகவும் இருந்தது. வங்கிக் கணக்கு முதிர்ந்து, அந்தப் பணத்தில் ஒரு ஸ்கூட்டி வாங்கினேன். அந்த அறையில் மொத்தம் மூன்று வருடம் இருந்தேன். வீட்டுக்காரம்மா கடைசிவரை என்மேல் பிரியமாகவே இருந்தார். அந்தப் பிரியத்தை நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

பிறகு சில வருடங்கள் கழித்துத்தான் அவளைப் பார்த்தேன். அப்போது நான் சீனியர் ஆகியிருந்தேன். ஏற்றுமதி படுத்திருந்த காலம். ஊரில் பாதி மெஷின்கள் ஓடவில்லை. எங்கள் ஆர்டர் ஒன்றை முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டுக்குத் தைக்கக் கொடுத்திருந்தோம். சரக்கைப் பார்க்கப் போனபோது செக்கிங் மேஜையில் ஒருத்தி நிமிர்ந்தாள். அவள்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டாள்.

“ஏ பிள்ள, நீயா? என்ன இப்படி சதை போட்டுட்ட?”

தலைமுடி பாதி நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். சாப்பாட்டு நேரம் என்பதால் வெளியே படிக்கட்டில் வந்து உட்கார்ந்தோம். எனக்குக் கல்யாணம் ஆனதைக் கேட்டாள், பையனின் பெயரைக் கேட்டாள். அப்பா இறந்துவிட்டார் என்று சொன்னபோது உச்சுக்கொட்டினாள். “நேர்மையான மனுசர்ல்லா,” என்றாள். கிண்டல் இல்லை.

“இடம் வாங்கினீங்களாக்கா?”

“எங்க. நான் சீட்டு எடுக்கதுக்குள்ள சென்ட் விலை எங்கயோ போயிட்டு. இப்பவும் கம்பெனி ரூம்தான்.”

நான் ஆரம்பித்தேன். அன்றைக்கு அப்பா வந்தபோது என்று தொடங்கி, பாதியில் நின்றுவிட்டேன். அவள் சாப்பாட்டு டப்பாவை மூடி, பையில் வைத்தாள். எதையாவது சொல்லி என்னை அவள் தேற்றிவிடுவாள் என்று நம்பினேன். அந்த வீடே எனக்குப் பிடிக்கவில்லை, நானே போகலாம் என்றுதான் இருந்தேன், இப்படி எதையாவது. சந்தைக்காரருக்குச் சொன்னதில் பாதி எனக்குப் போதும். அதை வாங்கிக்கொண்டு நான் அன்றைக்கே நிம்மதியாகத் திரும்பிப் போயிருப்பேன்.

“கஷ்டமாத்தான் இருந்துச்சு பிள்ள,” என்றாள். “தூரத்துச் சொந்தம், அக்கா முறைதான்னு ஒரு வார்த்தை சொல்லுவன்னு பாத்தேன். ஏன் சொல்லலன்னு ரொம்ப நாளு யோசிச்சேன்.”

“பயந்துட்டேன்க்கா.”

“ம். அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

அவ்வளவுதான். அதற்குமேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு லாரி வந்து நின்று, துணி உருளைகளை இறக்கத் தொடங்கினார்கள். எழுந்து முந்தானையை உதறிக்கொண்டவள், உள்ளே போகத் திரும்பும்போது ஏதோ நினைத்துக்கொண்டு கேட்டாள்.

“இப்ப என்ன சம்பளம் தாராங்க?”

வாங்குவதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதில் பாதிக்கும் கீழே ஒரு தொகையைச் சொன்னேன்.

அக்காவின் முகம் வாடியது. பையனின் பள்ளிக்கூடச் செலவு, வாடகை, பால் என்று அவள் மனதுக்குள் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது.

“பிள்ளைய வேற வச்சிருக்க. அது எப்படிப் பத்தும் பிள்ள, இந்த ஊர்ல?” என்றாள். எனக்காகக் கவலைப்பட்டுக்கொண்டே உள்ளே போனாள்.